ஒட்டுற நோயோட பிளைட் ஏறலாமா? அடிப்படையில இருந்து ஒரு விளக்கம்

காய்ச்சலோட பிளைட் ஏறலாமான்னு கேட்டா நம்மூர்ல ரெண்டு பதில்தான் கிடைக்குது. ஒண்ணு, "உள்ள இருக்கற காத்தே சுத்திக்கினு இருக்கும், ஒருத்தன் இருமினா மொத்த பிளைட்டுக்கும் வந்துடும்". இன்னொண்ணு, "அதெல்லாம் ஃபில்டர் இருக்குப்பா, ஒண்ணும் ஆகாது, மாஸ்க்க மாட்டிக்கினு போய்க்கினே இரு". ரெண்டுலயும் பாதி உண்மை இருக்கு, ஆனா ரெண்டை நம்பிப் போனாலும் தப்பான முடிவுலதான் போய் நிப்போம். நான் வேலூர்ல டிக்கெட் போடற வேலைல இருக்கேன், இந்தப் பேச்சு என் மேசை முன்னாடி அடிக்கடி வரும், ஆனா வர்றவங்க ஏறலாமான்னு கேக்கறத விட "ஏர்போர்ட்ல கண்டுபிடிப்பாங்களா"ன்னு கேக்கறதுதான் அதிகம்.

பெரும்பாலும் கண்டுபிடிக்க மாட்டாங்க. அதனாலதான் இது செக்யூரிட்டியோ ஏர்லைனோ மட்டும் பாத்துக்கற விஷயமா இல்லாம நம்ம மனசாட்சி கிட்ட வந்து நிக்குது. சரியா முடிவெடுக்கணும்னா நோய் எப்படி ஒட்டுது, எத்தனை நாள் ஒட்டும், பக்கத்துல உக்காந்திருக்கறவருக்கு என்ன ஆகும்னு கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும், அதை ஒண்ணு ஒண்ணா பாக்கலாம்.

எது ஒட்டும், எது ஒட்டாது

மொதல்ல பயத்த சரியான எடத்துல வைப்போம். டெங்கு, சிக்குன்குனியா, மலேரியா இதெல்லாம் கொசு மூலமா வர்றது, டெங்கு வந்தவர் பக்கத்து சீட்ல உக்காந்து இருமினாலும் உங்களுக்கு டெங்கு வராது. (அவரு அந்த நேரத்துல பிளைட் ஏறறது அவரோட உடம்புக்கு நல்லதான்னு டாக்டரைத்தான் கேக்கணும், அது வேற கதை.) டைபாய்டு, பெரும்பாலான மஞ்சக்காமாலை எல்லாம் தண்ணி, சாப்பாடு, சுத்தமில்லாத கை வழியா வரும். எச்ஐவி பக்கத்துல உக்காந்தா வரவே வராது, கை குடுத்தாலும் வராது.

இதை அழுத்திச் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. இந்தியாவுல எச்ஐவி இருக்குன்னு 1986ல மொத தடவை உறுதியானப்ப அந்த ரத்த மாதிரிங்கள டெஸ்ட் பண்ணது நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி லேப்லதான், அதுக்கப்புறம் எத்தனை வருஷம் அந்த நோயாளிங்கள தொடக்கூட பயந்தாங்கன்னு பெரியவங்களுக்குத் தெரியும். அதுக்கும் முன்னாடி தொழுநோய். காட்பாடி பக்கம் கரிகிரில 1955ல இருந்து தொழுநோய்க்கு ஆஸ்பத்திரி இருக்கு. அது ரொம்ப நாள் நெருங்கிப் பழகினாதான் ஒட்டக்கூடிய நோய், மருந்து ஆரம்பிச்சுட்டா சீக்கிரமே அடுத்தவங்களுக்குப் பரவாது, ஆனாலும் விரல் மடங்கின ஒருத்தரைப் பாத்துட்டு பஸ்ல தள்ளி உக்காந்த ஊருதான் நம்முது. அப்படி ஒதுக்கின நாமளே உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளத்தோட ஒரு பையனுக்கு முழுக்கை சட்டை மாட்டி பிளைட்ல ஏத்தி அனுப்பறோம். பாத்தா அருவருப்பா இருக்கறத வச்சு பயப்படறோம், நிஜமா பரவறத கண்டுக்காம விட்டுடறோம்.

அப்ப காத்து வழியா பரவறது எதெல்லாம்? ஃப்ளூ, கொரோனா, சின்னம்மை, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, நுரையீரல் டிபி. மெட்ராஸ் ஐயும் ஒட்டும், ஆனா அது கண்ணப் பாத்தா வராது, கண்ணைத் தேச்ச கையால தொட்ட எடத்த அடுத்தவர் தொட்டு அந்தக் கைய கண்ணுல வச்சாதான் வரும். வாந்தி பேதி கிளப்பற சில வைரஸும் அதே மாதிரி கை, டாய்லெட் கதவுப் பிடி வழியா போகும்.

சுருக்கமா: நோய் பேரைக் கேட்டதும் பயப்படாம, அது எந்த வழியா பரவுதுன்னு கேளுங்க. காத்து வழியா பரவறதுதான் பிளைட் விஷயத்துல பெரிய தலைவலி, இனிமே அதைப் பத்திதான்.

மிளகாய் நெடி மாதிரி யோசிங்க

தாளிக்கும்போது காஞ்ச மிளகாய் கருகிப்போனா என்ன ஆகும்? அடுப்பு முன்னாடி நிக்கறவங்க மொதல்ல இருமுவாங்க, சமையக்கட்டு வாசல்ல நிக்கறவங்க அடுத்து, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுச்சுன்னா கூடத்துல டிவி பாக்கறவங்களுக்கு தெரியக்கூட தெரியாது. அதே ஃபேன் ஓடலைன்னா, ஜன்னலும் சாத்தியிருந்தா, கொஞ்ச நேரத்துல வாசத் திண்ணைல இருக்கறவங்க வரைக்கும் தும்மல்தான். எவ்வளவு கிட்ட இருக்கோம், எவ்வளவு நேரம் இருக்கோம், காத்து வெளிய போகுதா இல்லையா, இந்த மூணுதான் கணக்கு.

நோயாளி இருமும்போது, பேசும்போது, சும்மா மூச்சு விடும்போது கூட கண்ணுக்குத் தெரியாத ஈரத் துளிங்க வெளிய வருது, அதுல ரொம்பப் பொடியானது கீழ விழாம காத்துலயே மிதக்கும், அதுக்குப் பேருதான் ஏரோசால். நெடி மாதிரியே இது மூலம் இருக்கற எடத்துல அடர்த்தியா இருக்கும், தள்ளிப் போகப் போக நீர்த்துப்போகும்.

பிளைட்டுல எக்ஸாஸ்ட் ஃபேன் நல்லாவே ஓடுது. தலைக்கு மேல இருந்து காத்து வந்து கால் பக்கமா வெளிய போகும், பிளைட்டோட நீளவாக்குல அதிகம் ஓடாது. உள்ள வர்றதுல கிட்டத்தட்ட பாதி வெளிக்காத்து, மீதி உள்ள இருந்த காத்து, ஆனா அதை ஹெப்பா ஃபில்டர் வழியா விட்டுதான் திரும்ப அனுப்புவாங்க. ஹெப்பான்னா ரொம்ப நெருக்கமான இழைங்களால ஆன ஃபில்டர், 0.3 மைக்ரான் அளவு துகள்லயே 99.97 சதவீதத்த பிடிச்சு வச்சுக்கும், ஏரோசால் எல்லாம் அதுல மாட்டிக்கும். ஒரு மணி நேரத்துல சுமார் 20ல இருந்து 30 தடவை உள்ள இருக்கற காத்து மாறுது, நம்ம வீட்டுலயோ ஆபீஸ்லயோ இந்த வேகத்துக்கு மாறவே மாறாது. அதனால "ஒருத்தன் இருமினா மொத்த பிளைட்டுக்கும்"ங்கறது தப்பு.

ஆனா எவ்வளவு நல்ல ஃபேன் ஓடினாலும் அடுப்பு முன்னாடி நிக்கறவங்களுக்கு நெடி ஏறத்தான் செய்யும், ஏன்னா ஃபில்டருக்குப் போறதுக்கு முன்னாடியே அந்தக் காத்து பக்கத்து சீட்டுக்காரர் மூக்குக்குப் போயிடுது. டிபி விஷயத்துல உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்கற கணக்கு எட்டு மணி நேரம் இல்ல அதுக்கு மேற்பட்ட பயணம், அதே வரிசை, முன்னாடி ரெண்டு வரிசை, பின்னாடி ரெண்டு வரிசை. ஃப்ளூவுக்கும் தட்டம்மைக்கும் எட்டு மணி நேரமெல்லாம் வேண்டாம், அது பாதிலயே வேலையக் காட்டிடும்.

ஃபேன் நின்னா என்ன ஆகும்னும் உலகத்துக்குத் தெரியும். 1977ல அலாஸ்காவுல ஒரு பிளைட் கோளாறாகி தரையில மணிக்கணக்கா நின்னுச்சு, காத்தோட்டம் வேலை செய்யல, உள்ள ஒருத்தருக்கு ஃப்ளூ, மூணு நாளைக்குள்ள பயணிகள்ல 72 சதவீதம் பேர் படுத்துட்டாங்க. 2003ல ஹாங்காங்ல இருந்து பெய்ஜிங் போன பிளைட்ல சார்ஸ் (கொரோனா மாதிரியே மூச்சுல பரவற நோய்) வந்த ஒருத்தர் இருந்தாரு, மூணு மணி நேரப் பயணம்தான், அவருக்கு முன்னாடி மூணு வரிசைல விசாரிக்க முடிஞ்ச 23 பேர்ல 8 பேருக்கு நோய் வந்துச்சு, மத்த எடங்கள்ல 88 பேர்ல 10 பேருக்கு. கிட்ட இருந்தவங்களுக்கு அடி பலமா விழுந்துச்சு, தள்ளி இருந்தவங்களும் முழுசா தப்பிக்கல. ரெண்டு வரிசைங்கறது கோடு கிழிச்ச மாதிரி எல்லை இல்லங்கறதுக்கு இதுவே சாட்சி.

நம்மூர்க்காரங்க இன்னொண்ணும் யோசிக்கணும். நமக்கு பிளைட்டுன்னா சென்னை இல்லன்னா பெங்களூரு, அதுக்கே மூணு நாலு மணி நேரம் கார்ல போகணும். கண்ணாடியெல்லாம் ஏத்திட்டு, ஏசிய உள்காத்துலயே சுத்த விட்டுட்டு, வழியனுப்ப வர்ற மாமா, சித்தி, கொழந்தைங்க, டிரைவர்னு ஏழெட்டு பேர். அந்த கார்ல ஹெப்பாவும் கெடையாது ஒண்ணும் கெடையாது. அப்புறம் செக்யூரிட்டி க்யூ, பிளைட் வரைக்கும் கூட்டிட்டுப் போற பஸ், படிக்கட்டுல ஒருத்தர் முதுகுல ஒருத்தர் நிக்கறது. பறக்கற நேரத்த விட இந்த எடங்கள்லதான் காத்து மோசம்.

சுருக்கமா: பிளைட் காத்து பொதுவா சுத்தம். ஆபத்து பக்கத்து சீட்டுலயும், முன்ன பின்ன சில வரிசைலயும், ஏர்போர்ட் போற வழியிலயும்.

எத்தனை நாள் ஒட்டும்?

ஒருத்தர் கிட்ட இருந்து அடுத்தவருக்கு நோய் போகக்கூடிய நாளுங்களுக்கு தொற்றுக் காலம்னு பேரு. உடம்பு முடியாம இருக்கற நாளும் இதுவும் ஒண்ணு இல்ல, குழப்பமே இங்கதான்.

ஃப்ளூல அறிகுறி தெரியறதுக்கு ஒரு நாள் முன்னாடியே ஆரம்பிச்சு அஞ்சு ஏழு நாள் வரைக்கும் போகும். டோலோ போட்டு காய்ச்சல் எறங்கிச்சுன்னா உடம்பு சூடுதான் எறங்குது, வைரஸ் அப்படியே இருக்கும், ஏர்போர்ட்ல சூடு பாக்கற மெஷின் இருந்தா அதைத் தாண்டிடலாம், பக்கத்து சீட்டுக்காரரை அது காப்பாத்தாது. பொன்னுக்குவீங்கில வீக்கம் வந்து அஞ்சு நாள். தட்டம்மைல தடிப்பு வர்றதுக்கு நாலு நாள் முன்னாடில இருந்து வந்து நாலு நாள் வரைக்கும், அதுவும் அந்த ஆள் எழுந்து போன பிறகும் ரெண்டு மணி நேரம் வரைக்கும் வைரஸ் காத்துல இருக்கும், தடுப்பூசி போடாத ஊர்ல ஒருத்தர் கிட்ட இருந்து 12ல இருந்து 18 பேர் வரைக்கும் போகும்னு கணக்கு. டிபில டாக்டர்தான் சொல்லணும், சாதாரண டிபில சரியான மருந்து ஆரம்பிச்சு ரெண்டு வாரம் போல ஆனா பெரும்பாலும் பரவாது, மருந்துக்குக் கட்டுப்படாத டிபின்னா சளி டெஸ்ட் பாக்காம யாரும் வாய் வார்த்தையா சொல்ல முடியாது.

சின்னம்மையத்தான் நான் அதிகம் பாக்கறேன், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். மொத கொப்புளம் வர்றதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிச்சு, எல்லா கொப்புளமும் காஞ்சு பக்கு கட்டற வரைக்கும் ஒட்டும். "எல்லா"ங்கறத கவனிங்க. மொகத்துல காஞ்சிருக்கும், முதுகுல புதுசா ரெண்டு வந்திருக்கும், அப்ப இன்னும் முடியல. இதுக்கு நம்ம வீடுங்கள்ல நல்ல பழக்கம் ஒண்ணு இருக்கு. அம்மை போட்டா வாசல்ல வேப்பிலை சொருகுவாங்க, வெளியாளு உள்ள வர மாட்டாங்க, உள்ளவங்க தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் தெருவுல கால் வைக்க மாட்டாங்க. ஆத்தா மேல இருக்கற பக்தி, பயம்னு என்ன காரணம் சொன்னாலும், நடக்கறது என்னன்னு பாருங்க: நோயாளி தனியா இருக்காரு, எதிர்வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியுது, கர்ப்பமா இருக்கற பொண்ணு அந்தப் பக்கம் போகாம தப்பிக்குது. ஒரே ஒரு எச்சரிக்கை, தண்ணி ஊத்தறத கெழமை பாத்து வைக்கறோம், கொப்புளத்துக்கு கெழமை தெரியாது, அதனால ரெண்டு தண்ணி ஊத்தியாச்சுன்னு கெளம்பாம முதுகு, தலை, கால் எல்லாம் காஞ்சிருக்கான்னு பாத்துட்டுக் கெளம்புங்க.

சுருக்கமா: காய்ச்சல் விட்டதும் தொற்றுக் காலம் முடிஞ்சதா நெனைக்காதீங்க. எந்த நோய்னு தெரிஞ்சுக்கிட்டு அதோட நாள் கணக்க டாக்டர் கிட்ட கேளுங்க.

பக்கத்து சீட்ல உக்காரப்போறது யாரு?

இப்பதான் நியாயம் அநியாயத்துக்கு வரோம். "எனக்கு ஒரு வாரத்துல சரியாயிடுச்சு, அவருக்கும் அப்படித்தானே ஆகும்"னு நெறைய பேர் சொல்றாங்க. ஆகாது. ஒரே சின்னம்மை வைரஸ் ஒரு பத்து வயசுப் பையனுக்கு அரிப்பு, கர்ப்பிணிக்கு நிமோனியா வரைக்கும் போகலாம், பொறக்கப்போற கொழந்தைக்கு உயிர் ஆபத்தாவும் ஆகலாம். கிட்னி மாத்தினவங்க, எலும்பு மஜ்ஜை மாத்தினவங்க, கீமோ எடுக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் உடம்பு நோயை எதிர்க்கற சக்தியையே மருந்தோ சிகிச்சையோ அமுக்கி வச்சிருக்கும், சின்னம்மை இவங்களுக்கு நுரையீரல், கல்லீரல் வரைக்கும் போகும். முன்னாடியே தடுப்பூசி போட்டுக்கலாமேன்னா, சின்னம்மை தடுப்பூசி உயிருள்ள வைரஸ வலுவில்லாம பண்ணி செஞ்சது, இந்த நெலமைல இருக்கறவங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொதுவா போடக்கூடாது. தட்டம்மைக்கு நம்ம அரசாங்க அட்டவணைல மொத ஊசியே ஒம்பது மாசத்துலதான், அதுக்குக் கீழ இருக்கற கொழந்தை மடில வர்றப்ப அதுக்குன்னு தடுப்பூசிப் பாதுகாப்பு இல்ல.

இது எங்கயோ நடக்கற கதையா தெரிஞ்சா, சிஎம்சி எதிர்ல காந்தி ரோட்டுல ஒரு தடவை நடந்து பாருங்க, லாட்ஜ், மெஸ், மெடிக்கல் ஷாப் போர்டெல்லாம் பெங்காலில இருக்கும். மேற்கு வங்காளம், ஜார்கண்ட், அசாம், திரிபுரால இருந்து வர்றவங்க. நெறைய பேர் காட்பாடில ரயில்ல வந்து எறங்கறாங்க, முடிஞ்சவங்க, ரயில்ல ரெண்டு நாள் உக்கார முடியாத நெலமைல இருக்கறவங்க, கொல்கத்தால இருந்து சென்னைக்கு பிளைட்ல வராங்க. மாற்று ஆபரேஷன் முடிஞ்சு செக்கப்புக்குத் திரும்பத் திரும்ப வர்றவங்களும் அதுலதான். அதனால சென்னை கொல்கத்தா பிளைட்ல உங்க பக்கத்துல இருக்கறவர் யாருன்னு உங்களால சொல்லவே முடியாது, அவர் நெத்தில எழுதி ஒட்டியிருக்காது.

"பிளைட்னா நாலு பேர் இருமத்தான் செய்வாங்க, தெரிஞ்சுதானே ஏறாங்க"ன்னு ஒரு வாதம் இருக்கு. பொதுவா இருக்கற ஆபத்துக்குத் தெரிஞ்சுதான் ஏறாங்க, சரி. ஆனா 14ஏல உக்காந்திருக்கறவருக்கு சின்னம்மைங்கறது 14பிக்குத் தெரியாது. தெரிஞ்சா அவர் எழுந்து வேற எடம் கேப்பாரு, இல்ல அந்தப் பயணத்தையே வேணாம்னுவாரு. அந்த முடிவை எடுக்கற உரிமை அவரோடது, விஷயத்த மறைக்கறப்ப அவருக்கு பதிலா நீங்க முடிவெடுத்துடறீங்க. என்னைப் பொறுத்தவரைக்கும் முக்கியமான தப்பே இதுதான், கடைசில அவருக்கு நோய் வந்துச்சா வரலையாங்கறது ரெண்டாவது.

"எனக்கும் யாரோ குடுத்ததுதானே"ங்கறதும் கேட்டிருக்கேன். குடுத்தவருக்குத் தெரியாம இருந்திருக்கும், மேல சொன்ன மாதிரி ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடியே பரவிடுது. தெரியாம நடந்ததுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரியும், அதுதான் வித்தியாசம்.

டிக்கெட் காசு, ரீஎன்ட்ரி, சாவு

இவ்வளவு சொல்லிட்டு "அப்ப யாரும் போகாதீங்க"ன்னு முடிச்சா அது வசதி உள்ளவன் பேசற பேச்சு. பேரணாம்பட்டு, ஆம்பூர், மேல்விஷாரம், குடியாத்தம்னு எத்தனை வீட்ல இருந்து வளைகுடாவுக்குப் போயிருக்காங்க, அவங்களுக்கு ஒரு தேதி தவறினா ரீஎன்ட்ரி (லீவுல வந்தவங்க திரும்பி அங்க போறதுக்கான விசா) முடியும், வேலை போகும், ஊர்ல வாங்கின கடன் நிக்கும்.

குடியாத்தத்துல இருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டிட்டு வந்தாங்க, சவுதி தம்மாம் டிக்கெட், ரெண்டு நாள்ல கெளம்பணும். பையன் வெயில்ல காலர் பட்டன் வரைக்கும் போட்டுட்டு வெளிய நிழல்ல நின்னான், கழுத்துல மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பூசின கறை. "தம்பி, முழுக்கை போட்டா தெரியாதுல்ல?"ன்னாங்க. "அக்கா, கடைசியா புதுக் கொப்புளம் எப்ப வந்துச்சு?"ன்னு கேட்டேன், விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு நேத்துன்னாங்க. ரீஎன்ட்ரி தேதிய பாத்தா அதுக்கு நாள் இருந்துச்சு, லீவு முடியறதுதான் அவங்க பயம். டாக்டர் சர்டிபிகேட்ட போட்டோ எடுத்து கம்பெனில இருக்கற சூப்பர்வைசருக்கு வாட்ஸப்ல அனுப்பினான், சாயந்தரமே ஒரு வாரம் தள்ளி வான்னு பதில் வந்துச்சு. ஆனா தேதி மாத்தற காசும் டிக்கெட் வித்தியாசமும் அந்தக் குடும்பம்தான் கட்டுச்சு, அந்தம்மா முந்தானைல முடிஞ்சு வச்சிருந்த காசை எடுத்து எண்ணினாங்க. சரியான காரியத்த பண்றவங்களுக்கு அபராதம் போடற மாதிரிதான் இது இருக்கு, எனக்கு இது இன்னிக்கும் நியாயமாப் படல. டாக்டர் சர்டிபிகேட் இருந்தா தொற்று நோய்க்கு தேதி மாத்த காசு வாங்கக்கூடாது, முதலாளி சம்பளம் பிடிக்கக்கூடாது, இந்த ரெண்டு மட்டும் நடந்தா மறைச்சு ஏறறவங்க பாதியா கொறைஞ்சுடுவாங்க.

எல்லா நோயையும் ஒரே தட்டுல வைக்கவும் முடியாது. சாதாரண சளி, லேசான இருமல்னா நல்ல மாஸ்க்க இறுக்கமா போட்டுட்டு, கை கழுவிட்டுப் போகலாம், நோயாளி போடற மாஸ்க் துளி வெளிய வர்ற எடத்துலயே தடுக்கறதால அதுக்கு மதிப்பு ஜாஸ்தி. ஃப்ளூ, கொரோனா காய்ச்சல்னா தள்ளிப்போட முடிஞ்சா கண்டிப்பா தள்ளணும், ஆனா அப்பா எறந்துட்டாருன்னு சேதி வந்து கெளம்பறவர மாஸ்க் போட்டுக்கோங்க, தனி வரிசை கெடைக்குமான்னு கேளுங்கன்னுதான் நான் சொல்வேன், போகாதேன்னு சொல்ல மாட்டேன். தொற்றுக் காலத்துல இருக்கற சின்னம்மை, தட்டம்மை, டிபின்னா சாவே ஆனாலும் ஏறக்கூடாது. கேக்க கஷ்டமா இருக்கும், ஆனா ஒரு வீட்டு சாவுக்குப் போற வழில இன்னொரு வீட்டுக்கு சாவைக் கொண்டுபோற வாய்ப்பு நிஜமாவே இருக்கற நோய்ங்க இது.

சட்டமும் இருக்கு. உயிருக்கு ஆபத்தான தொற்றுநோயை கவனக்குறைவா பரப்பக்கூடிய காரியம் பண்ணா பாரதிய நியாய சன்ஹிதா 271வது பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும், முன்னாடி ஐபிசில இது 269. தெரிஞ்சே கெட்ட நோக்கத்தோட பண்ணா 272, ரெண்டு வருஷம் வரைக்கும். ஏர்லைனும் தொற்று நோய் இருக்கறவரை ஏத்த மறுக்கலாம்.

கெளம்பறதுக்கு முன்னாடி

டாக்டர் கிட்ட போறப்ப வெறும் மெடிக்கல் சர்டிபிகேட் கேக்காதீங்க, என்ன நோய், தொற்றுக் காலம் எந்தத் தேதியோட முடியுது, எந்தத் தேதில இருந்து பிளைட்ல போகலாம், இந்த மூணையும் எழுதச் சொல்லுங்க, இதைத்தான் ஃபிட் டு ஃப்ளைன்னு சொல்றாங்க. அதை வச்சு ஏர்லைனுக்கு போன் பண்ணுங்க, பிளைட் கெளம்பறதுக்கு முன்னாடியே பண்ணுங்க, போகாம விட்டுட்டு அப்புறம் கேட்டா ஒண்ணும் நடக்காது. சின்னம்மைன்னா கடைசி கொப்புளம் காஞ்சுடுச்சுங்கற வார்த்தை அதுல இருக்கணும். ஒரே வீட்ல அண்ணனுக்கு அம்மை வந்து தம்பிக்கு இதுவரைக்கும் வரலைன்னா, தடுப்பூசியும் போடலைன்னா, அவனுக்கும் 10ல இருந்து 21 நாளுக்குள்ள வர வாய்ப்பு இருக்கு, அவன் டிக்கெட்டையும் அந்த கணக்கப் பாத்துப் போடுங்க.

ஆபரேஷன் முடிஞ்சு ஊர் திரும்பறவங்களுக்கு டிக்கெட் போட வந்தா ஜன்னல் சீட் கேளுங்க, நடமாட்டம் இருக்கற பாதைய விட அங்க அடுத்தவங்க மூச்சு படறது கம்மி. பக்கத்துல யாராவது இருமிட்டே இருந்தா தயங்காம கேபின் ஆளுங்கள கூப்பிட்டு வேற சீட் கேளுங்க, காலி இருந்தா பெரும்பாலும் மாத்தித் தருவாங்க. உங்க பக்கத்துல இருக்கறவர் "கொஞ்சம் மாஸ்க் போட்டுக்கறீங்களா, எனக்கு கிட்னி மாத்தியிருக்கு"ன்னு கேட்டா ஏன் எதுக்குன்னு பேச்ச வளக்காம போட்டுக்கோங்க, பையில ரெண்டு மாஸ்க் எக்ஸ்ட்ரா வச்சிருந்தா முன் சீட்டுக்காரருக்கும் ஒண்ணு குடுங்க.